வெள்ளைச் சேலை ஆத்தாவின் உருவப்படம்: ஒரு நிகழ்வு ஆய்வு

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் வழியில், கிளுவை வேலி போட்ட கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்துக்கு நடுவே ஒரு தோட்டத்து வீடு. அந்த வீட்டு ஆத்தா எண்பது தாண்டிய வயதில் காலமானார். முதலாண்டுத் திதிக்குள் வீட்டு ஆசாரத்தில், அதாவது கூடத்தில், மாட்ட அவருடைய உருவப்படம் ஒன்று வேண்டும் என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள். சென்னிமலைப் பக்கத்து ஓவியர் ஒருவர் அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். பென்சில், கரி, மை, நீர்வண்ணம், எண்ணெய் வண்ணம் என்று ஒவ்வொன்றிலும் வரைந்து பார்த்து, முடிவில் இரண்டு படங்களைக் கொடுத்தார். வேலை நடந்தபோது உடனிருந்து பார்க்க ஓவியரும் வீட்டாரும் இடம் கொடுத்தார்கள். பெயர் எழுத வேண்டாம் என்று இரு தரப்பும் கேட்டுக்கொண்டதால் இங்கே யார் பெயரும் வராது.

இந்த வேலையைத் தேர்ந்தெடுத்து எழுதக் காரணம் உண்டு. ஆத்தாவின் முகம் ஓவியருக்குக் கிடைக்கவே இல்லை என்று சொல்லிவிடலாம். அவர் ஆத்தாவை உயிரோடு பார்த்ததும் இல்லை. அப்படியிருந்தும் படத்தைப் பார்த்த பிள்ளைகள் தங்கள் அம்மாவை அடையாளம் கண்டுகொண்டார்கள். சாயல் என்பதை நாம் கண், மூக்கு, வாய் என்று முகத்துக்குள்ளேயே தேடுகிறோம். பழகிய ஒருவரை நாற்பதடி தூரத்தில், முதுகைப் பார்த்தே இன்னார் என்று சொல்லிவிடுகிறோம் என்பதை மறந்துவிடுகிறோம். உருவப்படம் வரைபவருக்கு முழு உடம்பை வரையும் பயிற்சி ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

கையில் இருந்தவை

இரண்டே புகைப்படங்கள். ஒன்று அடையாள அட்டையில் இருந்தது. அதில் முகத்தின் உயரம் ஒன்றரை சென்டிமீட்டர்கூட வராது. நேருக்கு நேர் அடித்த வெளிச்சத்தில் கன்னத்து மேடு பள்ளமெல்லாம் அழிந்து, நெற்றியிலிருந்து தாடை வரை ஒரே தட்டையாகத் தெரிந்தது. மற்றொன்று பேரன் கல்யாணத்தில் எடுத்தது. மூன்றாவது வரிசையில் யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் பாதி முகம். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்தது.

இவை போக, வேறொரு கடையில் ஏற்கெனவே செய்து வாங்கிய ஒரு டிஜிட்டல் படமும் வீட்டில் இருந்தது. அடையாள அட்டைப் படத்தைக் கணினியில் ஏற்றி, சுருக்கங்களை எல்லாம் வழித்துவிட்டு, பட்டுச் சேலையும் ஜாக்கெட்டும் கழுத்தில் சங்கிலியும் ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். ஆத்தா கணவர் போன பிறகு வெள்ளைச் சேலைதான். ஜாக்கெட் போடும் பழக்கமே இல்லாத தலைமுறை. மூத்த மகன் அந்தப் படத்தைச் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார். “இது ஆருன்னே தெரியலீங்” என்றார். துணியும் நகையும் தப்பு என்பதற்காக மட்டும் அவர் அப்படிச் சொல்லவில்லை. சின்னப் படத்தைப் பெரிதாக்கும் மென்பொருள், அதில் இல்லாத விவரத்தை ஆயிரக்கணக்கான வேறு முகங்களிலிருந்து கற்றதை வைத்து இட்டு நிரப்புகிறது. வந்து சேர்வது யாரோ ஒருவருடைய கன்னம், யாரோ ஒருவருடைய உதடு. ஊர் ஊராக இன்று இப்படிப்பட்ட படங்களுக்கு முன்னால்தான் விளக்கேற்றுகிறோம். அந்த மகனுடைய கோபம் நியாயமானது.

ஓவியரின் கை

இவர் ஓவியக் கல்லூரியில் படித்தவரல்லர். 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது சென்னைக் கவின்கலைக் கல்லூரி. அங்கே ஆளை உட்கார வைத்து வரைவது பாடமாகவே உண்டு. இவருக்கு அது வாய்க்கவில்லை. தொண்ணூறுகளில் ஈரோட்டில் சினிமா பேனர் வரைபவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். குறுக்கும் நெடுக்கும் நூலடித்துக் கட்டம் போடுவது, பொடி வண்ணத்தை ஆளிவிதை எண்ணெயில் குழைப்பது, இருபதடி உயர முகத்தை மூக்கு முட்டும் தூரத்தில் நின்று வரைவது எல்லாம் அங்கே கற்றவை. ஃபிளெக்ஸ் வந்தபின் அந்தத் தொழில் சில வருடங்களுக்குள் படுத்துவிட்டது. கூட இருந்தவர்கள் சிலர் வீட்டுக்கு பெயின்ட் அடிக்கப் போனார்கள், சிலர் பிரின்டிங் கடைக்குப் போனார்கள். இவர் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டே தனக்காக வரைவதைத் தொடர்ந்தார்.

அவருடைய ரஃப் நோட்டுகள் ஓர் இரும்புப் பெட்டி நிறைய இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பழையகோட்டை மாட்டுச் சந்தை, ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் தேர்த் திருவிழாச் சந்தை, சித்திரையில் கண்ணபுரம் சந்தை, பெருந்துறை பேருந்து நிலையம். காளையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துப் பின்னுக்குச் சாயும் ஆள், துண்டுக்கடியில் கைவிட்டு விலை பேசும் இருவர், சிமென்ட் பெஞ்சில் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கும் பனியன் கம்பெனித் தொழிலாளி. ஒவ்வொன்றும் அரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடத்துக்குள் போட்ட கோடுகள். பெரும்பாலானவற்றில் முகமே இல்லை, தலை இருக்கும் இடத்தில் ஒரு முட்டைக் கோடு மட்டும்.

அவர் அதிகம் வரைந்தது தறிக்காரர்களைத்தான். சென்னிமலைக் குழித்தறியில் நெய்பவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, கால் இரண்டையும் குழிக்குள் விட்டு மிதிக்கிறார். வலக்கை, ஊடைநூலைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்டும் கயிற்றை இழுக்கிறது, இடக்கை பலகையை முன்னும் பின்னும் தள்ளுகிறது. ஆள் ஓயாமல் அசைகிறார். ஆனால் அதே அசைவு சில நொடிகளுக்கொரு தரம் திரும்ப வருகிறது. தோள் ஏறி இறங்கும் அந்த ஒரு கணத்துக்காகக் காத்திருந்து, வந்ததும் ஒரு கோடு, அடுத்து வந்ததும் இன்னொரு கோடு என்று சேர்க்கலாம். அசையாமல் உட்காரச் சொன்னால் எவருக்கும் உடம்பு விறைத்துவிடும். வேலையில் இருக்கும் உடம்பு பொய் சொல்லாது என்பது அவர் எண்ணம். நோட்டுகளைப் புரட்டியபின் எனக்கும் அதில் சந்தேகம் இல்லை.

இந்தப் பயிற்சி பேனர் வேலை கொடுத்த பழக்கங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிவிட்டது. நாயகனுக்கு எட்டுத் தலை உயரம் என்பது பேனர்க் கணக்கு. சிற்ப சாத்திரத்தின் உத்தம தச தாலம் என்னும் அளவுமுறை உருவத்தின் உயரத்தை 124 பங்காகப் பிரிக்கிறது. கோவைக்கு அருகே பேரூர்க் கோயிலின் கனகசபைத் தூண்களில் நிற்கும் உருவங்களின் ஓங்கிய நிலைக்கு இப்படிப்பட்ட அளவுமுறைதான் அடித்தளம். சந்தையில் நிற்கும் மனிதர் ஏழு, ஏழரைத் தலை உயரம்தான். முதுகு கூன் விழுந்த கிழவிக்கு ஆறுகூடத் தேறாது. கையை முழுதாக நீட்டிப் பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி அளந்து பார்த்தால் நாம் மனத்தில் வைத்திருக்கும் அளவுகள் எல்லாம் பொய்யாகிவிடும்.

தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து 1959-இல் மெரினாவில் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையைப் பலரும் பார்த்திருப்போம். அந்த நான்கு பேரில் ஒருவர் முகமாவது நினைவில் நிற்கிறதா? பாறையை நெம்பும் உடம்புகளின் சாய்வு மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கும். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி ஓவியர் ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்களிலும் முகம் சில கீறல்களோடு நின்றுவிடும் இடங்கள் உண்டு. உடம்பின் கோடுதான் ஆளைச் சொல்கிறது.

திண்ணையில் நடந்தது

முதல் நாள் ஓவியர் அந்த இரண்டு புகைப்படங்களையும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “ஆத்தா எங்கீங்க உக்கோருவாங்க?” என்று கேட்டார். வீட்டார் திண்ணையின் வடக்கு மூலையைக் காட்டினார்கள். எப்படி உட்காருவார் என்பதற்கு ஆளுக்கொரு பதில். ஐம்பதுகளில் இருக்கும் மகள் பேச்சை நிறுத்திவிட்டு நேரே போய் அந்த மூலையில் உட்கார்ந்துவிட்டார்.

“இல்லீங்ணா, அம்மா நட்டுக்க உக்கோர மாட்டாங்க. ஒரு காலை மடிச்சு, இந்த மொழங்காலை நிறுத்திக்குவாங்க. சோத்துக்கையை இப்பிடிப் பின்னால ஊனிக்குவாங்க.”

இடது முழங்கால் மேலே, அதன் மேல் இடது முன்கை தளர்ந்து தொங்க, வலது உள்ளங்கை பின்னால் தரையில் அழுந்த. தூண் பக்கத்திலேயே இருந்தாலும் அதில் சாயவில்லை. ஓவியர் 4பி பென்சிலில் வேகமாகக் கோடிழுக்கத் தொடங்கினார். சிறிது நேரத்தில் மகளின் தலை தானாக இடப்பக்கம் திரும்பியது. தான் திரும்பியது அவருக்கே தெரியவில்லை. வாசலில் நின்ற பேரன்தான் சொன்னார்: “ஆமாங், ஆத்தாளுக்கு எடது காது கேக்காதுங். பேசுனா இப்பிடித்தான் திரும்புவாங்க.” கேட்கும் வலது காதை எதிராளி பக்கம் கொண்டுவரத் தலையை இடப்புறம் திருப்புவது ஆத்தாவின் பல வருடப் பழக்கம். அதுவரை யாரும் அதைச் சொல்லவில்லை. சொல்லத் தோன்றும் விஷயமும் அல்ல. மகளின் உடம்பில் அது பதிந்திருந்தது.

அந்த ஒரு திருப்பத்தில் படத்தின் கோணம் முடிவாகிவிட்டது. முகம் முக்கால் பக்கம், வலது காது பார்ப்பவருக்கு முன்னால், கண்கள் மட்டும் திரும்பி எதிரே இருப்பவர் மேல். கவனமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு கிழவி. இதில் ஒரு சிக்கலும் வந்தது. இருக்கும் ஒரே தெளிவான புகைப்படம் நேர்முகம். அதைக் கட்டம் போட்டுப் பெயர்த்து எழுத இனி வழியில்லை. மண்டையின் அமைப்பு தெரிந்தால்தான் தட்டையான முகத்தை மனத்துக்குள் திருப்பிப் பார்க்க முடியும்.

முகத்தைக் கட்டிய விதம்

ஓவியர் குடும்பத்தாரை ஒவ்வொருவராக உட்கார வைத்து வரைந்தார். மூத்த மகனுடைய காது அம்மாவின் காதுதான் என்று எல்லோரும் சொன்னதால் அதைத் தனியாக மையில், தொட்டு எழுதும் பேனாவால் எழுதிக்கொண்டார். காது மடலின் கீழ்ப்பகுதி மட்டும் மகனிடம் இல்லை. கனத்த தோடு பல வருடம் தொங்கி, கணவர் போனபின் கழற்றியதால் ஆத்தாவின் காதுத் துளை நீண்டு தொங்கியிருந்தது. மகள் தன் விரல் நகத்தைக் காட்டி அதன் நீளத்தைச் சொன்னார். கன்ன எலும்பு மகளுடையது. புருவ மேடு பேத்தியிடம் இருந்தது.

தாடைக்குத்தான் நிறைய உழைப்பு. ஆத்தாவுக்குப் பல் ஒன்றுகூட இல்லை. பல் விழுந்தபின் அதைத் தாங்கியிருந்த எலும்பு கரைந்து போகும். வாயை மூடும்போது கீழ்த்தாடை வழக்கத்தைவிட மேலே ஏறி முன்னால் வரும். மூக்குக்கும் மோவாய்க்கும் இடையே உள்ள தூரம் குறையும், உதடு உள்ளே மடங்கும். மகளின் தாடையை அப்படியே எழுதி, அதன்மேல் டிரேசிங் தாளைப் போட்டு, தாடையை மேலேற்றி ஏற்றிப் பார்த்தார். அடையாள அட்டைப் படம் இங்கேதான் உதவியது. அதில் நிழல் இல்லை, ஆனால் மூக்கு நுனியிலிருந்து மோவாய் வரையான அளவை, இரு கண்களின் இடைவெளியோடு ஒப்பிட்டு எடுக்க முடிந்தது. நம்பத்தக்க அந்த ஒரே அளவை வைத்து மீதியைச் சரிபார்த்தார்.

எந்த வேலைக்கு எந்தப் பொருள் என்பதில் அவர் கறாரானவர். தேடும் கட்டம் முழுக்கக் கரிதான். மெல்லிய கரித்துண்டு விரலால் தட்டினாலே உதிர்ந்துவிடும். பத்து தரம் மாற்றி எழுதினாலும் தாள் தாங்கும். மை அப்படியல்ல, விழுந்த கோடு விழுந்ததுதான். கண் முன்னால் இருக்கிற, ஐயமே இல்லாத காதுக்கும் கைநரம்புக்கும்தான் அதை எடுத்தார். நீர்வண்ணத்தைத் தோலின் நிறம் பார்க்க வைத்துக்கொண்டார். காங்கேயத்து வெயிலில் காலை எட்டு மணிக்கு மேல் நீர்வண்ணம் தொட முடியாது. ஒரு பூச்சின் ஓரம் அடுத்த தூரிகை வருவதற்குள் காய்ந்து வரி விழுந்துவிடும். அதனால் விடிந்ததும் மகளைத் திண்ணையில் வைத்து, அஞ்சல் அட்டை அளவுத் தாள்களில் நிறத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்.

அந்தச் சிறு தாள்களில் கண்டது எண்ணெய் வண்ணத்துக்கு முழுக்க உதவியது. கறுத்த தோலின் நெற்றி மேட்டில் விழும் ஒளி வெள்ளையாக இல்லை. திறந்த வாசலின் வானம் அதில் இளநீலமாகப் படிகிறது. திண்ணை நிழலில் வெள்ளைச் சேலையும் வெள்ளை இல்லை. முழங்காலுக்குக் கீழே செம்மண் வாசலின் நிறம் ஏறி, மடிப்புகளின் உட்புறம் பழுப்பாகத் தெரிகிறது. வெறும் வெள்ளையாக இருந்தது தோளில் ஒரே ஒரு மடிப்பு. கறுத்த மேனியை இவ்வளவு பொறுமையாகப் பார்க்கும் ஓவியர்கள் நம்மிடம் குறைவு. 2021-இல் கரோனாவில் மறைந்த கும்பகோணம் பக்கத்து ஓவியர் இளையராஜாவின் கிராமத்துப் பெண்களை மக்கள் அவ்வளவு விரும்பியதற்கு, தங்கள் வீட்டு நிறத்தை அங்கே மதிப்போடு பார்த்ததும் ஒரு காரணம் என்பேன்.

கேன்வாஸ் கடையில் வாங்கியதல்ல. பல்லடம் பக்கத்து விசைத்தறிக் காடாத் துணி. நெய்வதற்கு முன் பாவு நூலுக்கு ஏற்றிய கஞ்சி துணியில் இருக்கும். அதைக் கொதிநீரில் அலசிப் போக்காவிட்டால் பூச்சு பிடிக்காது, மழைக்காலத்தில் பூஞ்சையும் ஏறும். அலசிச் சுருங்க வைத்து, 30-க்கு 24 அங்குலச் சட்டத்தில் இழுத்தடித்து, ஜெஸ்ஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சை மூன்று கை பூசித் தேய்த்துக்கொண்டார்.

எண்ணெய் வண்ணம் தொடங்கியதும் பழைய பேனர்க் கை எட்டிப் பார்த்தது. கன்னத்தில் ரோஸ், தாடை நிழலில் பச்சை, மூக்கு நுனியில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி. தூரத்தில் நின்று பார்த்தால் எடுப்பாகத்தான் இருந்தது. கிழவி சினிமாவில் நடிப்பவர் போல ஆகியிருந்தார். மறுநாள் வந்து பார்த்தபோது முகம் முழுவதையும் கத்தியால் வழித்திருந்தார். பிறகு எரிந்த சியன்னா என்னும் செம்பழுப்பு, மஞ்சள் காவி, அல்ட்ராமரின் நீலம், கொஞ்சம் வெள்ளை, இந்த நான்கோடு நிறுத்திக்கொண்டார்.

வீட்டார் பார்த்தது

கரியில் முழு உருவமும் வந்தவுடன், முகத்தில் நிழல் மட்டும் விழுந்திருந்த கட்டத்தில், பிள்ளைகளை வரச் சொன்னார். மூத்தவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “மொகம் இன்னும் வரலீங். ஆனா அம்மாதானுங்” என்றார். இந்த வேலையில் நான் கேட்ட மிக முக்கியமான சொல் இதுதான். கண்ணும் வாயும் எழுதப்படாத நிலையில் சொன்னது.

இளைய மகனுக்கு உடன்பாடில்லை. கும்பிடும் படம் நேராகப் பார்க்க வேண்டும், திரும்பி உட்கார்ந்த படத்துக்கு எப்படி மாலை போடுவது, விளக்கு வைப்பது என்று கேட்டார். இதைப் புரியாத பேச்சு என்று தள்ள முடியாது. வீட்டில் மாட்டும் முன்னோர் படம் குடும்பத்தாரை நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்பது இங்கே வேரோடிய வழக்கம். ஓவியர் வாதாடவில்லை. எண்ணெய்ப் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு, நேர்முக மார்பளவுப் படம் ஒன்றைத் தனியாக வரைந்தார். பழுப்பு நிறத் தாளில் கரியும் வெள்ளைச் சாக்பீஸும். தாளின் நிறமே தோலின் இடைநிறமாக நின்றது. நிழலுக்குக் கரி, சேலைக்கும் நரைக்கும் வெள்ளை. வெள்ளைச் சேலைக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது.

என் மதிப்பீட்டில் இந்த இரண்டாவது படம் கைத்திறனில் குறைவில்லாதது, ஆனால் உயிரில் ஒரு படி கீழே. நேர்முகத்துக்கு ஆதாரம் அந்த அடையாள அட்டைப் படம் மட்டுமே. அந்தப் படத்தில் ஆத்தா எதையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, சொன்ன இடத்தில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். மகள் எண்ணெய்ப் படத்தின் பக்கம். இளையவர் விளக்கு வைப்பது கரிப் படத்துக்கு. இரண்டும் ஒரே ஆசாரத்தில் எதிரெதிர்ச் சுவரில் இருக்கின்றன.

கரிப் படத்தைக் கொடுக்கும்போது பராமரிப்பைப் பற்றி ஓவியர் நிறையப் பேசினார். பொடி உதிராமல் இருக்க ஃபிக்ஸேட்டிவ் அடித்தாயிற்று. ஆனாலும் கண்ணாடி தாளைத் தொடக் கூடாது, நடுவே அட்டை வைத்து இடைவெளி விட வேண்டும். ஈரச் சுவரில் மாட்டினால் ராமபாணப் பூச்சி பின்பக்கமாக வரும். பூமாலையை ஃபிரேம் மேல் நேராகப் போடாமல் தனி ஆணியில் தொங்கவிட வேண்டும். எண்ணெய்ப் படத்துக்குக் கண்ணாடி வேண்டாம், விளக்குப் புகை படாத தூரம் போதும்.

எண்ணெய்ப் படத்துக்கு வார்னிஷ் இன்னும் பூசவில்லை. வண்ணம் உள்வரை காய ஆறு மாதத்துக்குக் குறையாது. ஐப்பசி, கார்த்திகை ஈரம் போய்த் தை வெயில் வந்தபின் பூசலாம் என்று இருக்கிறார். பின்னால் ஊன்றிய வலது கையின் மணிக்கட்டில் உடம்பின் பாரம் இறங்கவில்லை, கை தரையில் வெறுமனே வைத்தது போல இருக்கிறது என்பது அவருடைய குறை. பார்த்தால் அது உண்மைதான். விரல் நுனிகள் அழுந்தி வெளுக்க வேண்டிய இடம் ஒரே நிறமாக நிற்கிறது. வார்னிஷுக்கு முன் அந்த இடத்தை மட்டும் திருத்தப் படத்தைச் சென்னிமலைக்குக் கொண்டுபோகக் கேட்டிருக்கிறார். வீட்டார் இன்னும் சம்மதிக்கவில்லை.